இயந்திரத்தை நிறுத்தியவர்கள்

தூத்துக்குடியில் ஐஸ் ஆலை வைத்திருந்த அரியமுத்து ஐம்பத்தேழாவது வயதில் பாடம் கேட்கக் கிளம்பினார். கிளம்பும்போதே கோபமாகத்தான் கிளம்பினார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடலில் நல்ல மீன்பாடு. ஆலை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அம்மோனியா குழாயில் இருந்த வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் ஐஸ் பார் தள்ளிக்கொண்டிருந்த சுடலைவடிவு என்ற பெண்ணின் முகத்தில் வாயு நேராக அடித்தது. ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் நிழல் மட்டும் தெரிகிறது.

அந்த வால்வு மூன்று வாரமாகவே கசிந்திருக்கிறது. இயந்திரம் ஓட்டுகிற மிக்கேலுக்கு அது தெரியும். ஈரச்சாக்கை அதன்மேல் சுற்றிச் சுற்றி வைத்து ஓட்டியிருக்கிறார். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பதினாறு வருசம் என்கூட இருந்தவன். மறைச்சிட்டான்" என்று அரியமுத்து போலீசில் எழுதிக் கொடுத்தார். மிக்கேல் பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தார்.

அதன்பிறகு அரியமுத்து ஊர் ஊராகப் போனார். கார் செய்கிற இடம், பிஸ்கட் செய்கிற இடம், மாத்திரை செய்கிற இடம். அங்கெல்லாம் விபத்தில்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். கார் கம்பெனியில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். இவரும் போட்டார். பிஸ்கட் கம்பெனியில் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி சொன்னார்கள். இவரும் தன் ஆட்களைச் சொல்ல வைத்தார்.

மூன்றாவது வாரம் ஆலையில் ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கிடந்தது. எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அல்லது யாரும் சொல்லவில்லை. அவரே போய்ப் பார்த்துத்தான் தெரிந்தது.

"எல்லாம் செஞ்சாச்சு. ஒரு பய வாயத் திறக்க மாட்டேங்கான்" என்று ஐஸ் ஆலை சங்கத்தில் கத்தினார். அப்போதுதான் ஒருவர் புஷ்பலீலாவின் பெயரைச் சொன்னார்.

புஷ்பலீலாவுக்கு வயது நாற்பத்தொன்று. திருநெல்வேலிக்கு வெளியே, ஆறு ஆஸ்பத்திரிகளின் துணியை வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி நடத்தினார். அதற்கு முன்னால் பழைய டயருக்குப் புதுத் தோல் ஒட்டும் பட்டறை. அதற்கும் முன்னால் கடற்கரையில் எறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று தொழில். தொழில் நடத்துகிறவர்கள் நடுவே அவருக்கு வாத்தியாரம்மா என்று பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. முன்கோபக்காரர் என்றும் சொல்வார்கள். அது அவரே ஒத்துக்கொண்ட விஷயம்.

அரியமுத்து போனபோது அவர் துணி காயவைக்கும் இயந்திரத்தின் கதவைக் கழற்றிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"எறால் பண்ணை வச்சிருந்தீங்க. அப்புறம் டயர். இப்ப ஆஸ்பத்திரித் துணி. ஒரு தொழில்ல கத்துக்கிட்டத இன்னொரு தொழிலுக்கு எப்படிக் கொண்டுபோறதுன்னு எனக்குச் சொல்லித் தரணும்."

"இதுவரைக்கும் எங்கெங்க போனீங்க?"

அரியமுத்து நோட்டைத் திறந்தார். போன இடம் ஒவ்வொன்றையும் சொன்னார். பார்த்ததைச் சொன்னார். சுடலைவடிவின் கண்ணைப் பற்றியும் வால்வைப் பற்றியும் சொன்னார். புஷ்பலீலா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கண்ணு போன பொண்ணு வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். வைத்தியம் பூராவும் நாந்தான் பாக்கேன்."

"மிக்கேல் வீட்டுக்கு?"

அரியமுத்துவின் முகம் மாறியது. "அந்தக் களவாணிப்பய வீட்டுக்கு நான் என்னத்துக்குப் போகணும்?"

"ஏன் சொல்லலைன்னு அவரக் கேட்டீங்களா?"

"போலீசு கேட்டாச்சு."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு? தெரிஞ்சே மறைச்சிருக்கான். வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் தொழிற்சாலை ஆபீசர் விசாரணை வச்சிருக்காரு. என் வாக்குமூலம் ஒண்ணு போதும், அவன் திரும்ப உள்ள போயிருவான்."

புஷ்பலீலா எழுந்துவிட்டார்.

"கார் கம்பெனிக்காரனக் கேட்டீங்க. பிஸ்கட் கம்பெனிக்காரனக் கேட்டீங்க. அந்த வால்வு பக்கத்துல பதினாறு வருசம் நின்ன ஆளக் கேக்கல. இப்ப துணி வெளுக்கிறவகிட்ட வந்து நிக்கீங்க. நான் என்னத்தச் சொல்ல? சோப்பு எவ்வளவு போடணும்னு சொல்லவா? எந்திரிங்க அண்ணாச்சி. எனக்கு வேலை கெடக்கு."

அரியமுத்துவை யாரும் அப்படி எழுப்பிவிட்டதில்லை. வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார்.

சாவியைப் போட்டார். கிளப்பவில்லை. எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அங்கேயும் ஒரு மஞ்சள் கோடுதான் இருக்கும் என்று தோன்றியது. அரைமணி நேரம் கழித்து இறங்கித் திரும்ப உள்ளே போனார்.

"இன்னும் போகலையா?"

"போக எடமில்ல."

புஷ்பலீலா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வாரம் இங்க வேலை செய்வீங்களா?"

"என்ன வேலை?"

"துணி பிரிக்கணும். எழுதக் கூடாது. என்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது."

"அதுல நான் என்னத்தக் கத்துக்கப் போறேன்?"

"கேள்வி கேக்கக் கூடாதுன்னேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அரியமுத்து வந்தார். துணி பிரிக்கும் மேஜைக்குத் தலைமை தெரசம்மாள் என்ற குள்ளமான அம்மாள். அவர் தடித்த கையுறை ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரித் துணிக்குள்ள என்னவும் கெடக்கும். ஊசி கெடக்கும், பிளேடு கெடக்கும். கண்டீங்கன்னா இந்தக் கயித்த இழுங்க. துணி ஓடுற பெல்ட் நின்னுரும். எடுத்து அந்த டப்பாவுல போட்டுட்டு ஓட்டலாம். கையில குத்திட்டா குழாயத் தொறந்து கழுவிட்டு அந்த நிமிசமே சொல்லணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். யாரு வீட்டு நோயோ, எந்த ரத்தமோ, நமக்குத் தெரியாது."

"சரி."

"யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதையும் சொல்லிட்டேன்."

முதல் நாள் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் காய்ந்த விரிப்புகள், மருந்து நாற்றம் அடிக்கும் பச்சைத் துணிகள். இரண்டாம் நாள் குமட்டல் போய் எரிச்சல் வந்தது. மணிக்கு இரண்டு தடவை யாராவது கயிற்றை இழுத்தார்கள். பெல்ட் நின்றது. பதினான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்ப ஓடியது. இப்படி நின்று நின்று ஓடினால் எந்தத் தொழில் உருப்படும் என்று அவருக்குள் பொருமிக்கொண்டே இருந்தது. கேள்வி கேட்கக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் தெரசம்மாள் தானாகவே பேசினார்.

"நானும் எறால் பண்ணையில புஷ்பலீலாகூட இருந்தவதான்."

"அங்கயும் தலைமையா?"

"தொட்டி பாக்கிற வேலை. குஞ்சு தண்ணிக்குள்ள மேலயும் கீழயும் துள்ளிக்கிட்டே இருக்கணும். ஒருநாள் பாக்கேன், அடியில படுத்துக் கெடக்கு. நோவு விழுந்துட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லல."

"ஏன்?"

"இவ கோவம் உங்களுக்குத் தெரியாது. அப்பல்லாம் கையில என்ன இருக்கோ அது பறக்கும். சொல்லுற ஆளுதான் குத்தவாளி. நாலாவது நாள் இவளே வந்து பாத்தா. அதுக்குள்ள பதினோரு தொட்டியும் போயிட்டு. அத்தன பேரு முன்னாடி என்ன அடிக்காத குறையா வெளிய தள்ளுனா. பண்ணையவே மூடியாச்சு."

"பெறகு இங்க எப்படி?"

"ஏழு மாசம் கழிச்சு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கா. டயர் பட்டறை போடப் போறேன், நீ வாக்கான்னு கூப்பிடுதா. போடின்னு கதவச் சாத்துனேன். மறுநாளும் வந்து நின்னா. அதுக்கு மறுநாளும்." தெரசம்மாள் தட்டைக் கழுவ எழுந்தார். "எனக்கு டயரப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அப்படியும் கூட்டிட்டுப் போனா."

மறைத்தவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட முதலாளியை அரியமுத்து அதுவரை கேள்விப்பட்டதில்லை. பொம்பளை மனசு, இளகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கையுறைக்குள் வியர்த்து விரல் வழுக்கியது. அவர் வலதுகைக் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். நாலைந்து துணி பிரித்திருப்பார். பச்சைத் துணி ஒன்றின் மடிப்பில் தையல் போடுகிற வளைந்த ஊசி ஒன்று இருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் சுருக்கென்று ஏறியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெரசம்மாள் அடுத்த முனையில் நின்றார். யாரும் பார்க்கவில்லை. கயிறு தலைக்கு மேலே கை எட்டும் தூரத்தில் தொங்கியது.

அவர் ஊசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டார். விரலை வேட்டியில் துடைத்தார். கையுறையை மாட்டிக்கொண்டார். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரசம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒத்த விரல மடக்கி வச்சே வேலை செய்யுதீங்க. கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன்ல!"

தெரசம்மாள் கையைப் பிடித்துக் கையுறையை உருவினார். விரல் நுனி வீங்கிச் சிவந்திருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அவர் எட்டிக் கயிற்றை இழுத்தார். பெல்ட் நின்றது.

புஷ்பலீலா ஓடி வந்தார்.

"எப்ப?"

அரியமுத்து கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எப்பன்னு கேக்கேன்."

"நேத்து. மூணு மணிக்கு."

புஷ்பலீலா கண்ணை மூடி மணிக்கணக்கை எண்ணினார். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார். டாக்டர் ரத்தம் எடுத்தார். ஊசி போட்டார். இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை எழுதினார். "நேத்தே வந்திருக்கணும். எதுவும் இருக்காதுன்னு நம்புவோம்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் சொல்லல?"

"கையுறையக் கழட்டிட்டேன். தப்பு என்மேல."

"ஏன் சொல்லலைன்னு கேட்டேன்."

"சின்னக் குத்துதானன்னு விட்டுட்டேன்."

"அண்ணாச்சி, ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு!" அரியமுத்து கத்திவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இத்தன வயசுக்கு, ஒரு ஆலைக்கு மொதலாளி, கையுறைய ஒழுங்கா மாட்டத் தெரியலன்னு அத்தன பேரு முன்னாடி நிக்கச் சொல்லுதீங்களா?"

"யாரு உங்கள நிக்க வைக்கப் போறா? தெரசக்கா முத நாளே என்ன சொன்னா?"

"யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு."

"நம்பலையா?"

"நம்பல."

"ஏன் நம்பல? அஞ்சு நாளு பாத்தீங்கள்ல. யாரையாவது கேட்டோமா?"

"கேக்கல."

"பெறகு?"

"எவன் நம்புவான் அதை? வாய்க்குச் சொல்லுவாங்க. நடந்தாத் தெரியும். என் ஆலையா இருந்தா கையுறை கழட்டுனவன அன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

நர்ஸ் யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார். ஒரு கிழவர் எழுந்து உள்ளே போனார்.

"தூக்கியிருக்கீங்களா?" என்று புஷ்பலீலா கேட்டார். குரல் தணிந்திருந்தது. கோபம் தணியவில்லை.

அரியமுத்துவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம். அம்மோனியா வாசனை வருகிறது என்று ஒருவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். படகுக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அவர் போய் அவன் தோளில் கிடந்த துண்டை உருவி வாசலுக்கு வெளியே எறிந்தார். "துண்டோட நீயும் போ" என்றார். அவன் போய்விட்டான். துண்டை எடுத்து மண்ணைத் தட்டி அவன் கையில் கொடுத்தது மிக்கேல்.

அதைப் புஷ்பலீலாவிடம் சொன்னார்.

"அந்த ஆளு பேரு என்ன?"

"ஞாபகமில்ல."

"மிக்கேலுக்கு ஞாபகம் இருக்கும்" என்றார் புஷ்பலீலா.

விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. மறுநாள் மாலை அரியமுத்து மிக்கேல் வீட்டுக்குப் போனார். கடற்கரையை ஒட்டிய தெரு. மிக்கேல் வாசலில் நின்று வலை முடிந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"மிக்கேலு, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் ஒருத்தன வெளிய அனுப்புனேன்ல. அவன் பேரு என்ன?"

"அதக் கேக்கவா வந்தீங்க?"

"ஆமா."

"சந்தியாகு. இப்ப உப்பளத்துல கெடக்கான்." மிக்கேல் வலையைக் கீழே போட்டார். "இன்னும் என்ன?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

மிக்கேல் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"உங்களுக்குத் தெரியாதா மொதலாளி? தெனம் காலையில ஏழு மணிக்கு அந்த வால்வத் தாண்டித்தான ஆபீசுக்குப் போவீங்க? மூணு வாரமும் கைக்குட்டைய மூக்குல வச்சிக்கிட்டுப் போனீங்கள்ல? அது என்ன வாசனைன்னு நெனச்சீங்க? பூ வாசனையா?"

அரியமுத்துவின் கை சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையின் மேல் போனது.

"நானும் சொல்லல. நீங்களும் கேக்கல. சீசன் முடியட்டும்னு ரெண்டு பேரும்தான் நெனச்சோம். சுடலைவடிவு கண்ணு போச்சு. உள்ள போனது நான் மட்டும்." மிக்கேல் வாசற்படியில் ஏறினார். "என் மக ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு ஒரு மாசம் அழுதா தெரியுமா? போங்க. வியாழக்கிழமை உங்க இஷ்டம்போல என்னவும் சொல்லிக்கிடுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வியாழக்கிழமை விசாரணையில் ஆபீசர் முதல் கேள்வியாகக் கேட்டார்: "வால்வு கசியுற விஷயம் உங்களுக்கு எப்ப தெரியும்?"

பக்கத்தில் இருந்த வக்கீல் அரியமுத்துவின் முழங்கையை மெல்லத் தொட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தார்கள்.

"மூணு வாரமா வாசனை தெரியும்" என்றார் அரியமுத்து. "நிறுத்துனா ஒரு நாள் போயிரும். அதனால கேக்கல. வாசனைன்னு நிறுத்துன ஆள ஏற்கெனவே ஒருதடவ வெரட்டுனேன். அதனால எவனும் சொல்லல."

வக்கீல் நோட்டை மூடினார்.

மிக்கேல் மீதிருந்த வழக்கு தள்ளுபடியானது. குற்றம் அரியமுத்துவின் மீது திரும்பியது. ஆலையை இரண்டு மாதம் பூட்டச் சொன்னார்கள். சங்கத்தில் அவரைப் பைத்தியம் என்றார்கள். மகன் அவரோடு பேசுவதை நிறுத்தினான்.

பூட்டிக் கிடந்த நாட்களில் அவர் உப்பளத்துக்குப் போய்ச் சந்தியாகுவைப் பார்த்தார். மிக்கேல் வீட்டுக்கும் போனார், திரும்பவும் வேலைக்குக் கூப்பிட. முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை மிக்கேலின் மனைவி வந்து, "உங்க சத்தத்தக் கேட்டாலே அவருக்கு ஆகமாட்டேங்கு, போயிருங்க" என்றார். மூன்றாம் தடவை மிக்கேலே வந்தார். "வாக்குமூலத்துல உண்மையச் சொன்னதுக்காக உங்க கால்ல விழணும்னு நெனைக்கீங்களோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அரியமுத்து நேராகத் திருநெல்வேலிக்குப் போனார்.

"உங்ககூட தெரசம்மா வந்துட்டா. இவன் வரமாட்டேங்கான்" என்றார். குரலில் ஆத்திரம் இருந்தது. "நீங்க செஞ்சதைத்தானே நானும் செஞ்சேன்?"

"அதான் தப்பு" என்றார் புஷ்பலீலா. "மஞ்சள் கோடு போட்ட மாதிரியே இதையும் போட்டுட்டீங்க. அவரு வரணும்னு எங்க எழுதியிருக்கு?"

"அப்ப நான் போனதெல்லாம் வீணா?"

"அவர வரவைக்கவா போனீங்க?"

அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்: "எறால் வேற, டயர் வேற, துணி வேற. ஒண்ணுக்கொண்ணு என்ன கொண்டுபோனீங்கன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லியே."

"மூணுக்கும் நான்தானே போனேன்" என்றார் புஷ்பலீலா. "எம்புத்தியும் கோவமும் கூடவேதான் வந்துச்சு. நான் எங்கன விட்டுட்டு வர?"

மிக்கேல் கடைசிவரை வரவில்லை. சந்தியாகு வந்தார். இயந்திரம் ஓட்டும் வேலையை அரியமுத்து அவரிடமே கொடுத்தார்.

ஐப்பசியில் ஆலை திறந்தது. உறுதிமொழியை நிறுத்திவிட்டார். முதல் நாள் எல்லோரையும் கூப்பிட்டு, "வாசனை வந்தா யாரும் நிறுத்தலாம். நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. அவருக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் சுருக்கென்றது.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் நிறுத்தவில்லை.

ஆறாவது வாரம் ஒரு சனிக்கிழமை. அன்றைக்குச் சூரை மீன் குவிந்துவிட்டது. கேரளாவுக்குப் போகிற பதினோரு மீன் வண்டிகள் ஐஸுக்காக வாசலில் வரிசை கட்டி நின்றன. மத்தியானம் பன்னிரண்டு மணி. நல்ல வெயில். வண்டிக்குள் மீன், மீன்மேல் சாக்கு, சாக்கின்மேல் ஈ.

அந்த நேரத்தில் இயந்திரம் நின்றது.

அரியமுத்து ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். ஐஸ் பார் தள்ளுகிற இசக்கியம்மாள் சுவரோடு ஒட்டி நின்றார். "வாசனை வந்துச்சு" என்றார். சந்தியாகு குழாய் குழாயாக முகர்ந்துகொண்டு போனார். வால்வு வால்வாகப் பார்த்தார். கால்மணி நேரம் ஆனது. ஒன்றுமில்லை. பின்பக்கத்துச் சாக்கடையில் முனிசிபாலிட்டி ஆட்கள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நெடி.

நிறுத்திய இயந்திரத்தை உடனே ஓட்ட முடியாது. இரண்டு மணி நேரம் ஆகும்.

வாசலில் டிரைவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அரியமுத்து வாயில் வந்த வசவை விழுங்கினார். திரும்பவும் வந்தது. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் நகர்ந்து போனை எடுத்துப் புஷ்பலீலாவைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணுமே இல்லம்மா. சாக்கடையில பிளீச்சிங் பவுடர். அந்த நெடிக்குப் போயி மொத்த ஆலையையும் நிறுத்திட்டா. பதினோரு வண்டி வெயில்ல நிக்கு. மீன் பூராம் போகப்போகுது. வாங்குற பேச்சு காதுல கேக்குதா உங்களுக்கு? எனக்கு வர்ற கோவத்துக்கு…" அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

"நிறுத்துனது யாரு?"

"இசக்கியம்மா. ஐஸ் தள்ளுறவ."

"இப்ப எங்க நிக்கா?"

"பின்னாடிதான் நிக்கா."

"மத்தவங்க?"

"எல்லாரும்தான் நிக்காங்க. மிஷின் ஓடுனாத்தானே வேலை."

"என்ன பேசிக்கிடுதாங்க?"

அரியமுத்து காதைக் கொடுத்தார். வெளியே ஹார்ன் அலறியது. உள்ளே சத்தமே இல்லை.

"யாரும் பேசல."

"நீங்க ஏன்னு கேப்பீங்களான்னு அத்தன பேரும் உங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு நிப்பாங்க அண்ணாச்சி" என்றார் புஷ்பலீலா. "போன வச்சிட்டுத் திரும்புங்க."